யாருக்குச் சிதைந்தது?

ஒரு கருத்தரங்கில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆப்பிரிக்க நாவல் பற்றி ஒரு பேராசிரியர் நாற்பது நிமிசம் பேசினார். சினுவா ஆச்சிபியைத்தான் பேசினார். காலனியம் வருவதற்கு முன் இக்போ சனங்களிடம் ஒரு முழுமையான வாழ்க்கை இருந்ததாம். தெய்வம், திருவிழா, பழமொழி, வள்ளிக்கிழங்கு விளைச்சல், மல்யுத்தம் எல்லாம் ஒன்றோடொன்று இழைந்து கிடந்ததாம். வெள்ளைக்காரனும் அவன் கொண்டுவந்த சாமியாரும் உள்ளே புகுந்து அதைச் சிதைத்தார்களாம். நாவல் அந்தச் சிதைவுக்கான ஒப்பாரியாம். அதோடு விட்டிருந்தால் நானும் டீ குடிக்கக் கிளம்பியிருப்பேன். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பி ஒரு புத்திமதி வைத்தார். “தலித் நண்பர்கள் ஆச்சிபியிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கு. அவர் தன் மரபை நேசிச்சார். நீங்க மரபுன்னாலே கல்லெடுக்கறீங்க.”

நான் எழுந்து, “ஐயா, அந்த நாவலோட பதினெட்டாவது அத்தியாயத்தை நீங்க படிச்சீங்களா?” என்று கேட்டேன். நேரம் ஆகிவிட்டது என்றார் ஒருங்கிணைப்பாளர். சமோசா வந்துவிட்டது.

அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

1958ல் லண்டனில் வெளிவந்த நாவல் அது. தமிழில் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் கிடைக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது. கதைநாயகன் ஒக்கொங்வோ உமோஃபியா ஊரின் பெரிய மல்யுத்த வீரன், இரண்டு பட்டம் எடுத்தவன், மூன்று பெண்டாட்டிக்காரன். ஊர்க்குற்றம் ஒன்றுக்காக ஏழு வருசம் தாய்வழி ஊரான ம்பாண்டாவுக்கு ஓட வேண்டி வருகிறது. அங்கேதான் பாதிரிமார் வந்து கோயில் கட்ட இடம் கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே தீயவனத்தில் இடம் ஒதுக்குகிறார்கள். அம்மை கண்டு செத்தவனையும் குஷ்டத்தில் செத்தவனையும் தூக்கிப் போடும் காடு அது. இரட்டைப் பிள்ளை பிறந்தால் மண்பானைக்குள் வைத்துக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவதும் அங்கேதான். நாலு நாளில் இவனுங்க செத்துடுவானுங்க என்று ஊர் காத்திருக்கிறது. சாகவில்லை.

எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது சிரிப்பு வந்தது. எங்கள் காலனிக் கோயிலும் சுடுகாட்டை ஒட்டித்தான் இருக்கிறது. ஊர்க்காரன் மனசாரக் கொடுத்த இடம் அது ஒன்றுதான்.

அந்தக் கோயிலுக்குள் முதலில் யார் போனார்கள்? அதைத்தான் பேராசிரியர் விட்டுவிட்டார். ந்நேகா என்று ஒரு கர்ப்பிணி போகிறாள். நாலு தடவை பிள்ளை பெற்றவள். நாலு தடவையும் இரட்டை. நாலு தடவையும் எட்டுப் பிள்ளைகளையும் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டில் எறிந்துவிட்டார்கள். ஐந்தாவது தடவை வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடிப்போய் நிற்கிற இடம் அந்தக் கோயில். புருசன் வீட்டுச் சனங்களுக்கு அவள் போனதில் பெரிய வருத்தமில்லை. தொலைஞ்சது சனியன் என்று விட்டுவிடுகிறார்கள். இவளிடம் போய் உன் பண்பாடு சிதைந்துவிட்டதே அம்மா என்று பேராசிரியர் துக்கம் விசாரிப்பாரா?

அடுத்த அத்தியாயத்தில் ஓசுக்கள் வருகிறார்கள்.

ஓசு என்றால் யாரென்று நம் வாசகருக்கு ரெண்டு வரியில் சொன்னாலே விளங்கிவிடும். நமக்கு அகராதி வேண்டாம். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவன் ஓசு. அவன் மட்டுமல்ல, அவன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் ஓசு. சுதந்திரப் பிறப்பாளர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் வீட்டில் அவன் பெண் கட்ட முடியாது, கொடுக்கவும் முடியாது. கோயிலை ஒட்டித் தனி இடத்தில்தான் குடியிருக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் உட்கார முடியாது. ஊரின் நாலு பட்டங்களில் ஒன்றையும் எடுக்க முடியாது. தலைமயிரை வெட்டக் கூடாது, சிரைக்கக் கூடாது. சடை பிடித்து அழுக்கேறித் தொங்கும் அந்த மயிர்தான் அடையாளம். பத்தடி தூரத்தில் வரும்போதே இன்னான் வர்றான் என்று தெரிந்துவிட வேண்டும். செத்தால் அவனைப்போன்றவர்களே தூக்கிக்கொண்டுபோய்த் தீயவனத்தில் புதைக்க வேண்டும்.

தெய்வத்தின் சொத்து, அதனாலேயே தீட்டு. புனிதத்தையும் அழுக்கையும் ஒரே உடம்பில் ஏற்றிவைக்கிற இந்தத் தந்திரத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? அங்கே பார்ப்பான் இல்லை, மனு இல்லை, வேதம் இல்லை. இந்த இடத்தில் நம் தோழர்களுக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சாதி மாதிரியான ஒன்று பார்ப்பான் இல்லாமலே முளைக்குமா என்று கேட்பார்கள். முளைத்திருக்கிறது. இங்கே உள்ளதும் அங்கே உள்ளதும் ஒன்றல்ல. இங்கே மேலே மேலே படிக்கட்டு, ஒவ்வொருத்தன் காலுக்குக் கீழேயும் இன்னொருத்தன் தலை. அங்கே அப்படி நூறு படி இல்லை. ஆனால் பிறப்பால் ஒதுக்குவது, கல்யாணத்தைத் தடுப்பது, சுடுகாட்டைப் பிரிப்பது ஆகிய மூன்றும் இருக்கின்றன. 2001ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டை ஒட்டி மனித உரிமைக் கண்காணிப்பகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிறப்பை வைத்து ஒதுக்குவது பற்றிய அந்த அறிக்கையில் நம்மோடு ஓசுக்களையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். சாதியை அந்த மாநாட்டில் பேசவே கூடாது என்று அன்றைக்கு மல்லுக்கு நின்றது இந்திய அரசாங்கம். நிறவெறியை எதிர்த்துப் பல வருசம் உலகமெல்லாம் வீறாப்பாய்ப் பேசிய அதே அரசாங்கம்தான்.

நாவலுக்கு வருகிறேன். ரெண்டு ஓசுக்கள் கோயிலுக்குள் வந்து உட்காருகிறார்கள். உடனே என்ன நடக்கிறது? ஏற்கனவே மதம் மாறியவர்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள். பழைய தெய்வத்தைத் தூக்கியெறிந்தவர்கள், தீயவனத்துக்குப் பயப்படாதவர்கள் ஓசுவுக்குப் பயப்படுகிறார்கள். இவனைச் சேர்த்தால் ஊர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் என்கிறார்கள். கியாகா என்கிற கருப்பு போதகர் மட்டும் அசையவில்லை. சிரித்தால் சிரிக்கட்டும் என்று பதில் சொல்கிறார். ஓசுக்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறார்: அந்தச் சடைமயிரை மழித்துவிட்டு வாருங்கள். செத்துவிடுவோமே என்று நடுங்குகிறார்கள். மழிக்கிறார்கள். சாகவில்லை. கொஞ்ச நாளில் ம்பாண்டாவின் ஓசுக்கள் கிட்டத்தட்ட எல்லாருமே அங்கே வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

நம்மூரில் நந்தன் கதையை நினைத்துப் பாருங்கள். தில்லைக்குள் நுழைய நந்தனுக்கு என்ன நிபந்தனை? நெருப்பு. உடம்பையே கொளுத்திக்கொண்டு வா, அப்புறம் தரிசனம். கியாகா கேட்டது மயிரை மட்டும்தான், அதுவும் அவர்கள் தலையில் ஊர் கட்டிவிட்ட விலங்கை. எங்களுக்குக் கிடைத்தது நெருப்பு, ஓசுக்குக் கிடைத்தது சவரக்கத்தி. நீங்கள் எதை மரபு என்கிறீர்கள், எதைச் சிதைவு என்கிறீர்கள், பேராசிரியரே?

ஒக்கொங்வோவுக்குச் சிதைந்தது, அதை நான் மறுக்கவில்லை. அந்த மனுசன்மேல் எனக்கு இரக்கமும் உண்டு. கலெக்டர் மாதிரியான வெள்ளை அதிகாரி ஊர்த்தலைவர்களைப் பேச்சுக்குக் கூப்பிட்டு விலங்கு மாட்டி, மொட்டையடித்து, அபராதம் கேட்கிற இடத்தில் எனக்கும் ரத்தம் கொதித்தது. வெள்ளைக்காரன் ஒன்றும் ஓசுவை மீட்க வந்த தேவதூதன் இல்லை. வரி வசூலிக்கவும் வழக்கு நடத்தவும் வந்தவன். ஆனால் ஒக்கொங்வோவின் சாவு எப்படி என்று பாருங்கள். தூக்குப் போட்டுக்கொள்கிறான். தற்கொலை பூமித்தாய்க்குத் தீட்டு. அவன் சொந்த ஊர்க்காரன் ஒருத்தனும் அந்த உடம்பைத் தொட மாட்டான். அந்நியர் வந்துதான் இறக்கிப் புதைக்க வேண்டும். உயிர்நண்பன் ஒபியெரிகாவே வெள்ளைக்காரனின் ஆட்களிடம் இறக்கிக் கொடுக்கச் சொல்லி நிற்கிறான். ஊரிலேயே பெரிய மனுசன் கடைசியில் தீண்டப்படாதவனாகத் தொங்குகிறான். இதை எழுதியவன் மரபுக்கு ஒப்பாரி மட்டுமா வைத்தான்? அவன் அழுதுகொண்டே கேள்வியும் கேட்கிறான். பேராசிரியருக்கு அழுகை மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

ஆச்சிபி யார் வீட்டுப் பிள்ளை என்பதும் இதில் முக்கியம். 1930ல் கிழக்கு நைஜீரியாவின் ஒகிடி என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஐசாயா, ஆங்கிலிகன் சபையின் உபதேசியார். பிள்ளைக்கு ஆல்பர்ட் என்று விக்டோரியா ராணியின் புருசன் பெயரை வைத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அந்த ஆல்பர்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். இபடானில் படிப்பு, வானொலியில் வேலை, முதல் நாவல். அப்புறம் ஹைனமன் கம்பெனியின் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசைக்குப் பத்து வருசம் ஆசிரியராக இருந்து ஒரு கண்டத்தையே அச்சில் ஏற்றினார். பியாஃப்ரா யுத்தம் 1967லிருந்து 70 வரை. அதில் இக்போக்களின் பக்கம் நின்று நாடுநாடாய்ப் போய்ப் பேசினார். 1990ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போய், 2013ல் பாஸ்டனில் சாகும்வரை சக்கர நாற்காலி. நைஜீரிய அரசு கொடுத்த உயர்ந்த விருதை 2004லும் 2011லும் வேண்டாமென்று திருப்பியனுப்பினார். விருதுக் கமிட்டிக்கு ஆள் பிடிக்க அலைகிற நம் இலக்கியவாதிகள் ஆச்சிபியிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதைப் பேராசிரியர் சொல்லவில்லை.

அவரது இன்னொரு காரியத்தை மட்டும் நம் ஆட்கள் கொண்டாடுவார்கள். 1975ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மேடையில் நின்று, ஆங்கில இலக்கியத்தின் சாமிகளில் ஒருவரான கான்ராடை நிறவெறியன் என்று சொன்னார். ‘இருளின் இதயம்’ என்று அந்த ஆள் எழுதிய கதையில் ஆப்பிரிக்கன் மனுசனாக இல்லை, ஒரு வெள்ளைக்காரனின் மனசு கெட்டுப்போவதைக் காட்டப் பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலையாக இருக்கிறான், அவனுக்குப் பேச்சே கிடையாது என்று விளக்கினார். கூட்டத்தில் வெள்ளைப் பேராசிரியர்கள் முகம் கறுத்துப்போனதாம். தமிழில் இதைப் பற்றி எழுதாத சிறுபத்திரிகை உண்டா? கட்டுடைப்பு என்றார்கள், எதிர்ப்புச் சொல்லாடல் என்றார்கள். நல்லது. இதே கேள்வியை நாங்கள் தமிழ் நாவல்களிடம் கேட்டோம். உங்கள் மண்வாசனைக் கதைகளில் பறையனும் சக்கிலியனும் பள்ளனும் யார்? பிணம் எரிக்க வருகிறான், பறை அடிக்க வருகிறான், பண்ணையாரின் நல்ல மனசைக் காட்டுவதற்காகக் கஞ்சி வாங்க வருகிறான். அவனுக்குப் பேச்சு எங்கே? உடனே என்ன பதில் வந்தது? இலக்கியத்தை இலக்கியமாகப் பாருங்கள், சாதிக்கண்ணாடி போட்டுப் பார்க்காதீர்கள். கான்ராடைக் கருப்பன் கிழித்தால் விமர்சனம், உன்னைச் சேரிக்காரன் கிழித்தால் வெறுப்பா? என்ன நியாயம் சார் இது?

*

இனிமேல் சொல்லப்போவது ஆச்சிபியோடு எனக்குள்ள வழக்கு. அதற்கு என் வீட்டுக் கதை கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

எங்கள் தாத்தா காலத்தில் வேதத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள். ஊரில் பங்குக் கோயில் ஒன்றுதான். பூசை ஒன்றுதான், நற்கருணை ஒன்றுதான். உட்காருகிற இடம் வேறு, கல்லறை வேறு, தேர் எங்கள் தெருவுக்கு வராது. எங்க ஆயா சாகிற வரைக்கும் “சாமி நம்மள பாக்குது, சாமிய தூக்கறவன்தான் பாக்கமாட்டேங்கறான்” என்று சொல்லும். 1950ல் ஜனாதிபதி போட்ட ஆணை இந்துவைத் தவிர வேறு மதத்தில் தாழ்த்தப்பட்டவன் கிடையாது என்றது. 1956ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். எங்களுக்கு இன்றுவரை இல்லை. அரசாங்கம் நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை என்கிறது. பங்கு நீ கிறிஸ்தவன்தான், ஆனா தள்ளி உட்கார் என்கிறது.

1994ல் என் அண்ணன் பாட்டுக்குழுவில் பாடிய ஒரு பெண்ணை விரும்பினான். அதே கோயில், அதே ஞானஸ்நானத் தொட்டி, ஆனால் ஊர்த்தெரு. பெண்ணின் அப்பா உபதேசியார். நைனா வெற்றிலை பாக்கோடு போய்ப் பேசினார். உபதேசியார் கோபப்படவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. நிலைப்படியில் நின்று ரொம்பப் பதமாகப் பேசினார். “பைபிள்ல எல்லாரும் ஒண்ணுதாம்பா. நானே பிரசங்கத்துல சொல்றேன். ஆனா சனங்க மனசுன்னு ஒண்ணு இருக்கில்ல?” ஒரு மாசத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு எங்கேயோ கல்யாணம் முடிந்தது. அண்ணன் அதற்கப்புறம் கோயிலுக்குள் போகவில்லை. நைனா செத்தபோதுகூட வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றான்.

அதற்கு ரெண்டு வருசம் கழித்து, ஆச்சிபியின் ரெண்டாவது நாவல் பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. 1960ல் வந்த நாவல். ஆங்கிலம் எனக்குத் தத்துப்பித்து. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாசம் படித்தேன். ஒக்கொங்வோவின் பேரன் ஓபி இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்புகிறான். அவன் படிப்புக்கு ஊர்ச்சங்கம் எண்ணூறு பவுன் கடன் கொடுத்திருக்கிறது. கப்பலில் கிளாரா என்ற நர்ஸைச் சந்திக்கிறான். அவளும் இங்கிலாந்தில் படித்தவள். கல்யாணப் பேச்சு வரும்போது அழுதுகொண்டே சொல்கிறாள்: நான் ஓசு. லாகோஸ் பட்டணத்தில் பீர் குடிக்கிற சிநேகிதன் ஜோசப் பதறிப்போகிறான். ஊர்ச்சங்கத் தலைவர் நாசூக்காக இழுக்கிறார். அப்புறம் ஓபி ஊருக்குப் போகிறான், அப்பாவிடம் கேட்கிறான்.

அப்பா ஐசக் யார் தெரியுமா? முதல் நாவலில் தன் கூடப்பிறந்தவன் மாதிரி வளர்ந்த இகெமெஃபுனாவை ஊர் வெட்டிப்போட்டதையும், இரட்டைப் பிள்ளைகளின் அழுகை காட்டிலிருந்து கேட்டதையும் தாங்க முடியாமல் தகப்பனை விட்டு ஓடி மதம் மாறினானே நுவோயே, அவன்தான். தகப்பன் செத்த செய்தி வந்தபோதும் ஊர் திரும்பாதவன். இப்போது உபதேசியார். மகன் கேட்கிறான், இருட்டில் கிடந்த நம் முன்னோர் ஒருத்தனை ஓசு என்றார்கள், வெளிச்சம் கண்ட நாமும் அதையே சொல்வதா என்று. அப்பா பைபிளைத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் சொல்கிறார், சனங்கள் மனசில் அது குஷ்டரோகம் மாதிரி, உன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த அடையாளத்தைக் கொண்டுவராதே என்று.

சனங்க மனசு. வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். நிலைப்படியில் நின்ற உபதேசியார் இக்போ பாஷையில் பேசுகிற மாதிரி இருந்தது. ஓபியின் அம்மா இன்னும் ஒருபடி மேலே. நான் உயிரோடு இருக்கும்போது அவளைக் கட்டினால் தற்கொலை செய்துகொள்வேன் என்கிறாள். ஓபி உடைந்துபோகிறான். கிளாராவின் வயிற்றில் பிள்ளை. கலைக்க வைக்கிறார்கள். அவள் சாகப் பிழைக்க ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அவனைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். ஓபி லஞ்சம் வாங்கி மாட்டிக்கொள்கிறான். எல்லா விமர்சகனும் இதை லஞ்சத்தைப் பற்றிய நாவல் என்கிறான், படித்த ஆப்பிரிக்கனின் மனப்பிளவு என்கிறான். ஓசு இவர்களுக்கு ஒரு துணைக்கதை. அடேய், அவன் முதுகெலும்பு முறிந்தது அந்த வீட்டு நடையில்தானே! லஞ்சம் அப்புறம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால் 1956லேயே கிழக்கு நைஜீரிய சட்டசபை ஓசு முறையை ஒழித்துச் சட்டம் போட்டுவிட்டது. ஒருத்தனை ஓசு என்று கூப்பிட்டாலே குற்றம். நம் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955. அதே 1956 அக்டோபர் 14ல்தான் பாபாசாகேப் நாக்பூரில் லட்சக்கணக்கான சனங்களோடு பௌத்தம் தழுவினார். சட்டம் போட்ட மறுநாளும் கிளாராவுக்குப் புருசன் கிடைக்கவில்லை. 2018 கடைசியில் நிறி என்ற பழைய ஊரில் இக்போ பாரம்பரியத் தலைவர்கள் கூடிச் சடங்கு செய்து ஓசு முறை இன்றோடு ஒழிந்தது என்று மறுபடியும் அறிவித்தார்கள். அறுபத்திரண்டு வருசம் கழித்து ஒழித்ததையே ஒழிக்க வேண்டியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

இந்த அளவுக்கு எழுதியதற்காக ஆச்சிபிக்கு நான் கும்பிடு போடுவேன். வெள்ளைக்காரனைத் திட்டிப் பெயர் வாங்க எல்லா வசதியும் இருந்த காலம். தன் வீட்டு அழுக்கை வெள்ளைக்காரன் படிக்கிற பாஷையிலேயே எழுதினார். தன் அப்பாவின் தொழிலையும் கிட்டத்தட்ட அப்பாவின் பெயரையுமே அந்த ஐசக்குக்குக் கொடுத்தார். நம் தேசியவாதிகளில், தமிழ்தேசியவாதிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எத்தனை பேர் அப்பன் பெயரைப் போட்டு இப்படி எழுதியிருக்கிறார்கள்?

ஆனால் ஆச்சிபி ஓசு இல்லை. அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. சடை மழித்த ஓசுக்கள் கோயிலுக்குள் வருகிறார்கள், அவர்கள் மனசில் என்ன ஓடியது என்று ஒரு பக்கம் உண்டா? மயிர் தரையில் விழுந்தபோது அவன் தலை எப்படி இருந்திருக்கும்? அவர்களில் ஒகோலி என்பவன் புனித மலைப்பாம்பைக் கொன்றான் என்று பேச்சு. அவனும் நோயில் விழுந்து செத்துப்போகிறான். தெய்வத்துக்குச் சண்டைபோடத் தெரியும் என்று ஊர் திருப்தியாகிவிடுகிறது. கதையும் அதை அப்படியே விட்டுவிடுகிறது. கிளாரா ஒரு நாவல் முழுக்க அழுகிறாள், கோபப்படுகிறாள், மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள். அவள் அப்பன் யார், ஆத்தாள் யார், எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஒன்றுமில்லை. ஓபியின் துயரத்துக்குப் பின்னால் தொங்குகிற திரைச்சீலை அவள். கான்ராடிடம் நீங்கள் கேட்ட கேள்வியை உங்களிடம் நாங்கள் கேட்கிறோம், ஆச்சிபி ஐயா.

ஒரே ஒரு சின்னக் கதையில் கொஞ்சம் கிட்டே போயிருக்கிறார். சிக்கே என்ற பள்ளிக்கூடப் பையன் கதை. சுதந்திரப் பிறப்பான அப்பா, மதத்தின் பேரால் ஓசுப் பெண்ணைக் கட்டுகிறான், அதனால் அவனும் பிள்ளையும் ஓசுவாகிறார்கள். பாட்டி மனசு வெறுத்துப் பழைய தெய்வத்துக்கே திரும்பிப்போகிறாள். பையன் மட்டும் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வார்த்தைகளை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கிறான். அர்த்தம் தெரியாது, சத்தம் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதலாமா தாய்மொழியில் எழுதலாமா என்று கூகி வா தியாங்கோவுக்கும் ஆச்சிபிக்கும் நடந்த பெரிய வாக்குவாதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூகி பெரிய மனுசன், ஜெயிலில் கக்கூஸ் காகிதத்தில் கிகூயூ மொழியில் நாவல் எழுதியவர். 2025ல் மறைந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வருகிறது. அவனை ஓசு என்று கூப்பிட அவன் தாய்மொழியில் வார்த்தை இருந்தது. அந்த மிட்டாய் வார்த்தைகளில் அது இல்லை. என் தாய்மொழியிலும் என்னைக் கூப்பிடும் வார்த்தைகள் இருக்கின்றன. தமிழ்த்தாய் வாழ்க என்று கத்தும்போது ஒரு நிமிசம் நிறுத்திவிட்டு அதை யோசியுங்கள்.

புச்சி எமெச்செட்டாவையும் நம்மவர்கள் தேடிப் படிக்க வேண்டும். அவரும் இக்போ, பெண். அடிமை வம்சத்து வாத்தியாரைக் காதலித்து ஓடிப்போகிற ஒரு பெண்ணின் கதையை 1976ல் எழுதினார். வாத்தியார் வீட்டில் காசு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, மரியாதை மட்டும் இல்லை. பரிசப்பணத்தைப் பெண் வீட்டார் கையால் தொடவே மாட்டேன் என்கிறார்கள். அவள் பிரசவத்தில் சாகிறாள். அங்கேயும் சாவுதான்.

எண்பதுகளில் நமக்கு ஆப்பிரிக்கா வந்தது இந்திரன் மொழிபெயர்த்த ‘அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்’ வழியாக. மராத்தியத் தோழர்கள் 1972ல் பாந்தர் என்ற பெயரையே கருப்பர்களிடமிருந்து எடுத்தார்கள். கருப்பு என்றால் நாம், வெள்ளை என்றால் அவன் என்று நாமும் சுலபமாகக் கணக்குப் போட்டுக்கொண்டோம். தப்பில்லை, அப்போது அது வேண்டியிருந்தது. ஆனால் கருப்புக்குள்ளும் ஒரு சேரி இருந்தது. அங்கே கிளாரா இருந்தாள். நம் சொந்தக்காரி அவள்தான், ஒக்கொங்வோ இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கதையை அண்ணனுக்குச் சொன்னேன். அவன் புத்தகம் படிக்கிறவன் இல்லை, லாரி ஓட்டுகிறான். கட்டிலில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டான். உபதேசியார் பேசுகிற இடம் வந்ததும் கண்ணைத் திறந்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஓபியைக் கோர்ட்டில் நிறுத்தியதோடு முடித்தேன்.

“அந்தப் பொண்ணு அப்புறம் என்னாச்சுடா?” என்றான்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டா. அதுக்கப்புறம் அவ கதை இல்லண்ணா.”

“இல்லன்னா? எழுதினவனுக்குத் தெரியாதா?”

“தெரியாது போல.”

எழுந்துபோய் லாரியின் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, “அவளக் கேட்டிருக்கலாமில்ல” என்றான்.